படலைக்குப் பூட்டு, வேலியில் பொட்டு

"பாஸ்வேர்டை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. பிறந்த திகதியை வைக்காதேங்கோ."

பள்ளிக்கூடத்தில், வங்கியில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கருத்தரங்கில் என்று எல்லா இடத்திலும் எங்களுக்கு இதே பாடம்தான். இணையப் பாதுகாப்பு என்பது பாவிக்கிற ஆளின் தலையில் ஏற்றிவிட்ட மூட்டை. ஏதும் நடந்தாலும் முதல் கேள்வி எங்களிடம்தான்: "உங்கட பாஸ்வேர்ட் லேசானதோ?"

இந்தப் பாடத்தில் பாதி பிழை. மற்றப் பாதியும் பிழையான ஆளுக்குச் சொல்லப்படுகிறது. பெரிய பெரிய தரவுக் களவுகளில் கணக்க, ஆரோ ஒரு அக்காவின் பாஸ்வேர்டை ஊகித்து நடந்தவை அல்ல. சேர்வர் பக்கத்தில், லொகின் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டதால் நடந்தவை. அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பானவர்களை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

முதலில் எங்கட பிழையைச் சொல்லிவிடுகிறோம். மற்றவனை ஏசுவதற்கு அதுதான் ஒழுங்கு.

சில வருசங்களுக்கு முந்தி எங்களில் இரண்டு பேர், சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு கல்வி நிலையத்துக்கு ஒரு சின்ன மென்பொருள் செய்து குடுத்தோம். புள்ளிகள், கட்டணம், பெற்றோரின் தொலைபேசி இலக்கம், வீட்டு விலாசம் எல்லாம் அதுக்குள்ள. இலவசமாகக் கிடைக்கும் ஒரு அப்ளிகேஷன் சேர்வரை இறக்கி, நிறுவி, அதன் மேல் ஓடவிட்டோம். அந்தச் சேர்வரின் நிர்வாகக் கணக்குப் பெயர் அட்மின். பாஸ்வேர்டும் அட்மின். பெட்டியோடு வந்த திறப்பு. "நாளைக்கு மாத்துவம்" என்று சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு சோதினை வந்தது, வேலை வந்தது, ஒருவன் கொழும்புக்குப் போனான். அண்மையில் அங்கே பிரின்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டபோது போய், ஒரு சந்தேகத்தில் அதே அட்மின், அதே அட்மின் அடித்துப் பார்த்தோம். திறந்தது.

அவ்வளவு காலமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் விபரம் திறந்த படலைக்குள் கிடந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளோ, தாய் தகப்பனோ எவ்வளவு இறுக்கமான பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் ஒரு பிரயோசனமும் இல்லை. பிழை அவர்களுடையது அல்ல. எங்களுடையது.

அப்ளிகேஷன் சேர்வர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நீங்கள் பார்ப்பது இணையப் பக்கம். தரவு கிடப்பது தரவுத்தளத்தில். இரண்டுக்கும் நடுவில் நின்று "இவர் ஆர், இவருக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது" என்று முடிவெடுப்பது அப்ளிகேஷன் சேர்வர். வங்கி, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், அரச திணைக்களம் எல்லாத்துக்கும் பின்னால் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதை நடத்துவதற்கென்று ஒரு நிர்வாகப் பக்கமும் இருக்கும். அந்தப் பக்கம் கைக்கு வந்தால் முழு வீடும் கைக்கு வந்த மாதிரி.

எங்கட ஊரில் வேலிப் பொட்டு என்று ஒன்று இருக்கு. அடுத்த வீட்டுக்குச் சுற்றிப் போகாமல் குனிந்து போற ஓட்டை. படலையில் எவ்வளவு பெரிய பூட்டுத் தொங்கினாலும் பொட்டுத் தெரிந்தவனுக்கு அது ஒரு பொருட்டில்லை. லொகின் ஓட்டைகளில் அரைவாசி இந்தப் பொட்டுத்தான். நாலு பொட்டுகளைச் சொல்கிறோம். நாலும் உண்மையானவை, நாலும் உலகம் முழுக்கப் பாவிக்கப்படும் மென்பொருள்களில் இருந்தவை.

முதலாவது, ஜேபொஸ், 2010. அதன் நிர்வாகப் பக்கத்துக்கு லொகின் போட்டிருந்தார்கள். ஆனால் உலாவி சேர்வரிடம் கேட்பதற்குப் பல முறைகள் உண்டு. கெட் என்றொன்று, போஸ்ட் என்றொன்று, ஹெட் என்றொன்று. ஜேபொஸ் கெட்டுக்கும் போஸ்டுக்கும் மட்டும் "நீ ஆர்?" என்று கேட்டது. ஹெட் என்று வந்தவனை ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டு, அவன் சொன்ன வேலையையும் செய்து குடுத்தது. காவலாளிக்கு "சேட் போட்டவனையும் சாரம் கட்டினவனையும் மறி" என்று சொல்லிவிட்டு, வேட்டியோடு வந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை.

இரண்டாவது, ஒராக்கிளின் வெப்லொஜிக், 2020. லொகின் தேவையில்லாத சில கோப்புகள் எந்தத் தளத்திலும் இருக்கும், பக்கத்தின் நிறம், படம் போன்றவை. அந்தக் கோப்புறையின் முகவரியை எழுதி, "ஒரு படி மேலே போ" என்ற குறியை இரண்டு தரம் மறைத்து எழுதினால், காவலாளி படக் கோப்புறைக்குத்தான் போகிறான் என்று நினைப்பான். ஆள் போய்ச் சேருவது நிர்வாக அறைக்கு. அந்த ஒக்டோபரில் ஒராக்கிள் திருத்தம் வெளியிட்டது. அதே மாதம் முடிய முன்னமே ஆட்கள் உலகம் முழுக்க அந்தப் பொட்டைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவது எங்கட நாட்டுச் சாமான். டபிள்யூஎஸ்ஓ2, 2005 இல் தொடங்கிய இலங்கைக் கம்பனி. உலகப் பெரிய நிறுவனங்கள் பாவிக்கும் மென்பொருளைக் கொழும்பிலிருந்து செய்கிறார்கள். கம்பஸில் கணினி படிக்கிற பொடியன் பெட்டைகள் கணக்கப் பேருக்கு அங்கே வேலை எடுக்கிறதுதான் கனவு. 2022 இல் அவர்களுடைய பல பொருள்களில் ஓர் ஓட்டை வெளியே தெரியவந்தது: சிவிஇ-2022-29464. கோப்பு ஏற்றுவதற்கான ஒரு வழி லொகினே கேட்கவில்லை. ஆரும் வந்து ஒரு கோப்பை ஏற்றி, அதைச் சேர்வரிலேயே ஓடவிடலாம். ஆபத்து அளவுகோலில் 10 க்கு 9.8. கண்டுபிடித்தவர் ஒரேஞ்ச் சாய் என்ற பெயரில் அறியப்படும் தைவான் ஆய்வாளர். கம்பனி வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே திருத்தம் குடுத்திருந்தது. ஆனால் அந்த ஏப்ரலில் தாக்கும் முறை பகிரங்கமாக வெளிவந்ததும், திருத்தம் போடாத சேர்வர்களில் ஆட்கள் நுழைந்து, நாணயம் தோண்டுகிற மென்பொருளை எல்லாம் நட்டுவிட்டுப் போனார்கள்.

நாலாவதும் அதே கம்பனி, சிவிஇ-2024-6914, விபரம் வெளிவந்தது 2025 இல். கணக்கை மீட்டெடுக்கும் சேவையில் அனுமதி சரிபார்ப்புப் பிழைத்ததால், எந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும், நிர்வாகியினது உட்பட, வெளியாள் மாற்றிவிடலாம். பூட்டை உடைக்கத் தேவையில்லை. "திறப்புத் துலைஞ்சுபோச்சு" என்று சொன்னால் புதுத் திறப்பைக் கையில் தருகிற மாதிரி.

நாலையும் திரும்பிப் பாருங்கள். எதிலாவது பாவிப்பவரின் பாஸ்வேர்ட் லேசாக இருந்ததோ? இல்லை. இருபது எழுத்து, நாலு இலக்கம், இரண்டு நட்சத்திரக் குறி போட்டிருந்தாலும் நடந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ என்ற உபதேசம் கூட காலாவதியானது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017 இலேயே காரணமில்லாமல் குறித்த காலத்துக்கொரு முறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கட அலுவலகச் சுவர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

இனி "ஓப்பன் சோர்ஸ் எண்டதாலதான் இந்தப் பிரச்சினை, காசு குடுத்து வாங்கினா வராது" என்று ஒரு கதை வரும். ஜேபொஸும் டபிள்யூஎஸ்ஓ2வும் திறந்த மூலம், சரி. வெப்லொஜிக் காசு குடுத்து வாங்குவது. மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சும் காசுதான். அதே ஒரேஞ்ச் சாய் கண்டுபிடித்து 2021 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்சேஞ்ச் ஓட்டைக்குப் பெயரே "புரொக்ஸிலொகின்". திறந்ததோ மூடினதோ, ஓட்டை எல்லாத்திலும் வரும். மென்பொருளை மனிசர்தான் எழுதுகிறார்கள். ஆகவே ஓட்டை வந்ததுக்காகக் கம்பனியைத் தூக்கில் போடச் சொல்ல நாங்கள் வரவில்லை. கண்டுபிடித்த ஆள் முறையாகச் சொன்னார், கம்பனி திருத்தியது. அது நடக்க வேண்டிய விதத்தில்தான் நடந்தது. கேள்வி அதுக்குப் பிறகு: திருத்தம் வந்தும் போடாமல் இருந்தவர் ஆர்?

ஜேபொஸ் ஓட்டைக்கு 2010 இல் திருத்தம் வந்தது. 2016 இல், ஆறு வருசம் கழித்து, சாம்சாம் என்ற ரான்சம்வெயார் கும்பல் ஜேபொஸின் பழைய ஓட்டைகள் வழியாக நுழைந்தது. அப்போது தேடிப் பார்த்த சிஸ்கோவின் ஆய்வுக் குழு, இணையத்தில் சுமார் 32 இலட்சம் இயந்திரங்கள் ஆபத்தில் இருப்பதாகவும், 1,600 அளவான முகவரிகளில் ஏற்கெனவே பின்கதவு வைக்கப்பட்டுவிட்டதாகவும் சொன்னது. அவற்றில் பள்ளிக்கூடங்களும் இருந்தன. டெஸ்ரினி என்று பள்ளிக்கூட நூலகங்களுக்கான ஒரு மென்பொருள், அது ஜேபொஸின் மேல் ஓடியது. பிள்ளைகளுக்குப் புத்தகம் இரவல் குடுக்கிற சாதாரண மென்பொருள். சுன்னாகம் நூலகத்தில் புத்தகம் எடுத்து வளர்ந்த எங்களுக்கு அதைப் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது. "இதுக்குள்ள என்ன பெரிய இரகசியம் இருக்கு" என்று நினைக்கிற இடம்தான் ஆரும் திரும்பிப் பார்க்காத இடம்.

இப்ப எங்கட நாட்டுக்கு வருவோம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேர்வரை ரான்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த, அனுப்பிய கடிதங்கள் போய்விட்டன. ஏன் போனது? இணையத்தில் இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. அந்தக் காலப்பகுதிக்கு வெளியே கழற்றி வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. மைக்ரோசொப்ட் அதுக்கான ஆதரவை அந்த வருசம் ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. பொறுப்பான ஐசிடிஏ நிறுவனமே, மென்பொருள் காலாவதியானது என்றும், 2021 இலிருந்து புதுப்பிக்க நினைத்தும் நிதியாலும் முன்னைய சபைத் தீர்மானங்களாலும் தள்ளிப்போனது என்றும் சொன்னது.

புரொக்ஸிலொகின் வழியாகத்தான் அது நடந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது இதைத்தான்: ஆதரவு முடிந்த மென்பொருளில், கழற்றி வைத்த பிரதி இல்லாமல், ஒரு நாட்டின் அமைச்சரவைக் கடிதங்கள் கிடந்தன. ஒரே ஒரு பிரதியை நம்பி இருந்தால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்துக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1981 இல் எரிந்த நூலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் இருந்தன. அதை எரித்தது வன்மம். இதை அழித்தது அலட்சியம். ஆனால் போன கடிதம் போனதுதான்.

"காசு இல்லை" என்ற பதிலை நாங்கள் அப்படியே தள்ளிவிடமாட்டோம். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள்தான் நாங்களும். ஆனால் கணக்குப் பாருங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்ற எவ்வளவு செலவு? ஒரு சதமும் இல்லை. நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் ஆருக்கும் தெரியாமல் உள்வலையமைப்புக்குள் மட்டும் வைக்க? ஒரு பின்னேர வேலை. டபிள்யூஎஸ்ஓ2வின் அந்த நாலாவது ஓட்டை கூட, கம்பனியின் பாதுகாப்பு அறிவுறுத்தலைப் பின்பற்றி நிர்வாகச் சேவைகளை வெளியே திறந்துவிடாமல் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய ஆபத்தாக இருக்கவில்லை. காப்புப் பிரதியை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கழற்றி வைக்க? சின்னக் கடைக்காரரும் செய்யலாம். இல்லாதது காசு அல்ல. புதுச் செயலி ஒன்றைத் திறந்து வைத்தால் நாடா வெட்டலாம், படம் பிடிக்கலாம், பேப்பரில் வரும். பழைய சேர்வருக்குத் திருத்தம் போட்டால் ஆர் படம் பிடிப்பினம்?

சுன்னாகத்துக்கு இந்தக் கதை புதிதில்லை. எங்கட கிணறுகளில் எண்ணெய் வந்தது. மின் நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு குடுக்கச் சொல்லி மின் உற்பத்திக் கம்பனிக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்புக்கு முன்னம் எத்தனை காலம் "தண்ணியில ஒண்டும் இல்லை" என்று கேட்டிருப்போம்! ஆனாலும் கிணற்றில் ஒரு வாளி அள்ளினால் மணக்கும், மேலே படலம் தெரியும். ஊர்ச்சனம் கண்ணால் கண்டது, கத்தியது, வழக்குப் போனது. தரவு கசிந்தால் மணக்காது. உங்கட பெயர், அடையாள அட்டை இலக்கம், வருத்தம், வங்கிக் கணக்கு வெளியே போனது உங்களுக்குத் தெரியவே வராது. ஆரும் சொன்னால்தான் தெரியும்.

சொல்ல வேண்டியவர் ஆர்? அங்கேதான் அடுத்த பிரச்சினை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது குற்றம், ஐந்து வருசம் வரை சிறை. களவெடுக்கப் போனவனுக்கு அது சரி. ஆனால் நல்ல எண்ணத்தில் ஓட்டையைக் கண்டு, போய்ச் சொல்கிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. அப்ப ஒரு பொடியன் என்ன செய்வான்? கண்டும் காணாத மாதிரி இருப்பான். ஓட்டையை விற்கிறவனுக்குச் சட்டப் பயம் கிடையாது. ஆக, பயந்து வாய்மூடுகிறவன் நல்லவன் மட்டும்தான்.

நெதர்லாந்தில் அரச தளத்தில் ஓட்டை கண்டு முறையாக அறிவித்தால் ஒரு ரீ-சேட் குடுக்கிறார்கள். "டச்சு அரசாங்கத்தை ஹக் பண்ணினேன், கிடைச்சது இந்த மோசமான ரீ-சேட் மட்டும்தான்" என்ற கருத்தில் அதில் எழுதியிருக்கும். பகிடிதான், ஆனால் அதுக்குள்ளே ஒரு கொள்கை இருக்கு: வந்து சொல், உன்னை அடிக்கமாட்டோம். அமெரிக்க நீதித் திணைக்களமும் 2022 மேயில், நல்லெண்ணப் பாதுகாப்பு ஆய்வுக்காக வழக்குப் போடுவதில்லை என்று அறிவித்தது. எங்கட நாட்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தபோது தள்ளிப்போடப்பட்டன. புகைப்படத்தோடும் கைரேகையோடும் கருவிழிப் பதிவோடும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் மட்டும் நிற்கவில்லை. பாஸ்வேர்ட் களவு போனால் மாற்றலாம். கைரேகையை எங்கே போய் மாற்றுறது?

"உனக்கு ஒளிக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம். 1983 யூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடின. அது ஒரு சாதாரணப் பட்டியல். வாக்களிக்கத் தந்த பெயர். 2011 இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் குடும்பங்களைப் பதிவு செய்தபோது அது உயர் நீதிமன்றம் வரை வழக்காகப் போனது. எங்கட பெயர்ப் பட்டியல் ஆரிடம் இருக்கு, அதை ஆர் திறக்கலாம் என்பது இந்த மண்ணில் ஒருக்காலும் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருந்ததில்லை. பட்டியலைச் சேர்ப்பவர் நல்லவராகவே இருக்கட்டும். திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனால், அடுத்ததாக வருகிறவர் ஆர் என்று அவர் முடிவெடுக்கப் போவதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

அரசிடம்: புதிதாக ஒரு தரவுத்தளம் தொடங்க முதல், இருக்கிறவற்றில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, ஆதரவு எப்ப முடியுது, ஆர் பொறுப்பு என்ற பட்டியலை உருவாக்குங்கள். பராமரிப்புக்கு வரவுசெலவில் தனி வரி போடுங்கள். ஓட்டையைச் சொல்ல வருகிறவருக்குச் சட்டப் பாதுகாப்புத் தாருங்கள். தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குக் குறித்த காலத்துக்குள் சொல்லியே ஆக வேண்டும் என்பதைத் தள்ளிப்போடாமல் நடைமுறைப்படுத்துங்கள்.

மென்பொருள் செய்பவர்களிடம்: பெட்டியோடு வரும் பொதுத் திறப்பை நிறுத்துங்கள். முதல் தரம் திறக்கும்போதே புதுப் பாஸ்வேர்ட் வைக்காவிட்டால் ஓடக்கூடாது. பிரித்தானியா 2024 ஏப்ரல் முதல் வீட்டுக் கருவிகளுக்கே இலகுவாக ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டைத் தடை செய்துவிட்டது. வீட்டுக் கமராவுக்குச் சரியென்றால் வங்கிச் சேர்வருக்கு ஏன் இல்லை? எந்த வழியால் வந்தாலும் முதலில் மறி, பிறகு தேவையானதை மட்டும் திற. ஜேபொஸ் அதைத் தலைகீழாகச் செய்ததால்தான் வேட்டிக்காரன் உள்ளே போனான்.

எங்களிடம்: இதுதான் கொஞ்சம் கசக்கும். யாழ்ப்பாணத்தில் கணினி படித்த பொடியள், பெட்டையள் கடைகளுக்கும் ரியூசன் கொட்டில்களுக்கும் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் மென்பொருள் செய்து குடுக்கிறோம். "ஓடுது தானே" என்றவுடன் காசை வாங்கிக்கொண்டு வருகிறோம். நிர்வாகக் கணக்கை மாற்றினோமா? இரண்டாம் கட்டச் சரிபார்ப்புப் போட்டோமா? திருத்தம் வந்தால் ஆர் போடுவது என்று பேசி வைத்தோமா? கட்டிக் குடுத்த வீட்டின் திறப்பை மேசனே ஊர் முழுக்கக் குடுத்துவிட்டுப் போனால் அவனை எங்கட சனம் என்ன சொல்லும்? அதே ஏச்சு எங்களுக்கும் உரியது.

அந்தக் கல்வி நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னோம். பொறுப்பாக இருக்கும் ஐயா முதலில் கோபப்பட்டார். பிறகு, "தம்பி, எனக்கு உது ஒண்டும் விளங்காது, உங்களை நம்பித்தானே தந்தனான்" என்றார். அந்த ஒரு வசனம் எங்களுக்குக் காணும். அண்டைக்கே பாஸ்வேர்டை மாற்றி, நிர்வாகப் பக்கத்தை வெளியே தெரியாமல் மூடி, சேர்வரைப் புதுப் பதிப்புக்கு ஏற்றி, காப்புப் பிரதியை ஒரு டிஸ்க்கில் போட்டு அவருடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். முழு வேலைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பெற்றோருக்கு என்ன சொல்வது என்று அவரோடு இருந்து ஒரு கடிதமும் எழுதினோம். அதுதான் கஷ்டமான பகுதி.

இதை வாசிக்கிற உங்களில் கணக்கப் பேர் இப்படி ஏதோ ஒன்றை எங்கேயோ செய்து குடுத்திருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் ஒருக்கா அட்மின், அட்மின் அடித்துப் பாருங்கோ. நீங்கள் செய்து குடுத்ததில் மட்டும், உரியவரிடம் கேட்டுவிட்டு. திறந்தால் இருந்து பூட்டிவிட்டு வாருங்கோ.